சின்னக் குழந்தைகளோடு பாரிஸ்: ஒரு நாளைக்கு ஓர் இடம், மீதி நேரம் பூங்கா

பாரிஸில் முதல் நாளே மூன்று இடங்களைப் பார்த்துவிடுவது என்று ஊரிலேயே தாளில் எழுதி வைத்திருந்தேன். பகல் ஒரு மணிக்கு ஓர் அருங்காட்சியகத்தின் பளிங்குப் படிக்கட்டில் மூன்று வயது மகன் குப்புறப் படுத்துக்கொண்டு எழ மறுத்தான். ஆறு வயது மகள் என் கையைப் பிடித்து, "இந்த ஊரில் ஊஞ்சலே கிடையாதா அப்பா?" என்று கேட்டாள். தாளை மடித்துப் பையில் போட்டேன். மறுநாள் காலை லுக்ஸம்பூர்க் பூங்காவுக்குப் போனோம், நான்கு மணி நேரம் அங்கிருந்து யாரும் நகரவில்லை.

அதற்குப் பிறகுதான் புரிந்தது: பூங்காவை மையமாக வைத்து, கோபுரமும் அருங்காட்சியகமும் அதன் வழியில் வந்தால் பார்ப்பது என்று திட்டத்தைத் தலைகீழாக்கிவிட்டால் பாரிஸ் சின்னக் குழந்தைகளுக்கு மிக வசதியான ஊர். இரண்டு வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளோடு ஐந்தாறு நாள் தங்குகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள், பிறகு விசா

ஜூன் மாதம் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. ஈஃபிள் கோபுரம் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மின்மினியாக மின்னும். கோடையில் அதைக் காட்ட வேண்டுமானால் இரவு பதினோரு மணி வரை குழந்தையை விழித்திருக்க வைக்க வேண்டும். குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கே காட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஆனால் அப்போது பூங்காக்கள் சீக்கிரம் மூடிவிடும், குளத்தில் பொம்மைப் படகு கிடைக்காது, குழந்தைக்குக் கையுறை போட்டு முடிப்பதற்குள் கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லும்.

என் தேர்வு மே, ஜூன் அல்லது செப்டம்பர். மின்னுவதைப் பார்க்காமலே வரலாம், பரவாயில்லை. ஆகஸ்டில் பாரிஸ்காரர்கள் பலர் விடுமுறைக்குப் போய்விடுவதால் தெருக்கள் காலியாக இருக்கும், ஆனால் நீங்கள் தங்கும் தெருவின் பேக்கரியும் மூடியிருக்கலாம். ஏப்ரலில் போவதாக இருந்தால் மழைக்கோட்டு கட்டாயம்.

விசாவில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கைக்குழந்தையாக இருந்தாலும் தனி பாஸ்போர்ட்டும், பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் தனியே வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ் விசாக் கட்டணம் இல்லை; ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் என்றால் 45 யூரோ, அதற்கு மேல் 90 யூரோ என்பது 2024 ஜூன் முதல் உள்ள கணக்கு. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கைரேகை எடுப்பதில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே பாடாகிவிடும் என்பதால் அந்த ஆறு மாதத்தை முழுமையாகப் பயன்படுத்துங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள்.

2. தங்குமிடத்தில் லிஃப்டின் அளவைக் கேளுங்கள்

நாங்கள் எடுத்த வீட்டில் "லிஃப்ட் உண்டு" என்று எழுதியிருந்தது. அது பொய்யுமல்ல. ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் நெருங்கி நிற்கலாம். தள்ளுவண்டியை மடித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் கதவு மூடும். மனைவியும் மகனும் ஏறுவார்கள், நானும் மகளும் ஐந்து மாடி நடப்போம். பாரிஸின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் இப்படித்தான். படிக்கட்டின் நடுவே கிடைத்த இடைவெளியில் பின்னாளில் செருகிய லிஃப்ட். ஆகவே லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மடிக்காத வண்டி அதில் நுழையுமா என்று கேளுங்கள். முதல் மாடி கிடைத்தால் லிஃப்டே வேண்டாம்.

பாரிஸின் வட்டாரங்களை எண்ணால்தான் குறிப்பிடுவார்கள். நான் ஐந்தாம், ஆறாம் வட்டாரங்களை முதலில் தேடுவேன். லுக்ஸம்பூர்க் பூங்காவும் தாவரப் பூங்காவும் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். வாடகை அதிகம். பதினைந்தாம் வட்டாரம் குடும்பங்கள் வாழும் பகுதி, கொஞ்சம் மலிவு, அமைதியானது. எதுவானாலும் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். காரணம் சாப்பாட்டுப் பகுதியில் வரும்.

3. வந்து இறங்கும் நாள்

சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் உண்டு. 2025 தொடக்கத்தில் அதன் டிக்கெட் 13 யூரோ, நான்கு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பாதி, நான்கு வயதுக்குக் கீழ் இலவசம். எங்கள் நால்வருக்குக் கூட்டினால் முப்பத்திரண்டரை யூரோ. டாக்சிக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம்: அதே ஆண்டுக் கணக்கில் சேன் நதியின் வலது கரைக்கு 56, இடது கரைக்கு 65 யூரோ, ஆளுக்கல்ல, வண்டிக்கு. இரவு முழுக்க விமானத்தில் வந்த குழந்தைகள், மூன்று பெட்டி, ஒரு தள்ளுவண்டி என்றால் நான் யோசிக்காமல் டாக்சிதான். டாக்சி வரிசை வெளியே பலகை போட்டு இருக்கும். உள்ளேயே வந்து "டாக்சி? டாக்சி?" என்று கேட்பவரோடு போகாதீர்கள்.

கோடையில் இந்திய நேரம் பாரிஸை விட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும், குளிர்காலத்தில் நாலரை. ஊரில் இரவு எட்டு மணிக்குத் தூங்கும் குழந்தைக்குப் பாரிஸில் மாலை நாலரைக்கே கண் சொருகும். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து தோசை கேட்கும். இதோடு மல்லுக்கட்டாதீர்கள். முதல் நாள் மாலை எதையும் வைத்துக்கொள்ளாமல், வெளிச்சத்தில் ஏதாவது ஒரு பூங்காவில் ஓடவிட்டு முடிந்தவரை ஏழு மணி வரை இழுத்துப் பாருங்கள். சீக்கிரம் எழுவதில் லாபமும் இருக்கிறது. காலை ஏழு மணிக்குத் திறக்கும் பேக்கரியில் அடுப்பிலிருந்து இறங்கிய குரோசான் உங்களுக்குத்தான் முதலில்.

4. மெட்ரோவா, பஸ்ஸா?

பாரிஸ் மெட்ரோ 1900ஆம் ஆண்டு தொடங்கியது. அன்று தள்ளுவண்டியை யாரும் நினைக்கவில்லை. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் இல்லை, படி இறங்கி, நீண்ட நடை நடந்து, மறுபடி படி ஏற வேண்டும். முழுமையாக லிஃப்ட் வசதியோடு கட்டப்பட்டது 14ஆம் தடம் மட்டுமே. எனவே கனமான வண்டியை ஊரில் விட்டுவிட்டு, ஒரு கையால் மடிக்கும் இலேசான வண்டியைக் கொண்டுபோங்கள். நான்கு வயதானாலும் கொண்டுபோங்கள். ஊரில் வண்டியை மறந்துவிட்ட குழந்தைகூட ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் நடக்காது.

நகருக்குள் பஸ்தான் குழந்தைகளுக்கு உகந்தது. தாழ்தளப் பஸ், வண்டியை மடிக்காமல் ஏற்றலாம், ஜன்னல் வழியே ஊரும் தெரியும். 69ஆம் எண் பஸ் ஈஃபிள் கோபுரத்துக்கு அருகிலிருந்து ஓர்சே அருங்காட்சியகம், லூவ்ர் அருங்காட்சியகம், நகர மண்டபம், பஸ்தீய் சதுக்கம் என்று போகும். ஊர்சுற்றும் மாடிப் பஸ்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

டிக்கெட்டுக்கு நவிகோ ஈசி என்ற அட்டையை 2 யூரோவுக்கு வாங்கி அதில் பயணங்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது, ஆளுக்கு ஓர் அட்டை. 2025 ஜனவரியில் மெட்ரோ, ரயில் பயணம் 2.50 யூரோ, பஸ், டிராம் 2 யூரோ என்று எளிமையாக்கினார்கள். அதன்பின் சற்று ஏறியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ டிக்கெட்டில் இறங்கிப் பஸ்ஸில் தொடர முடியாது, புதிதாக ஒன்று வேண்டும். வெளியே வரும்வரை அட்டை கையிலேயே இருக்கட்டும். பரிசோதகர்கள் வழியில் நிற்பார்கள், "தெரியாது" என்பது அங்கே செல்லாது.

மெட்ரோவை வாகனமாக மட்டும் நினைக்காமல் விளையாட்டாகவும் பயன்படுத்துங்கள். 1ஆம் தடத்தில் ஓட்டுநர் இல்லை. முதல் பெட்டியின் முன் கண்ணாடியருகே நின்றால் இருட்டுச் சுரங்கத்துக்குள் குழந்தையே ரயிலை ஓட்டலாம். எங்கள் மகன் நாலு நிலையங்களுக்கு வாயாலேயே ஹாரன் அடித்தான், பக்கத்தில் நின்ற கோட்டுப் போட்ட மனிதர் சிரிக்காமல் அடக்கிக்கொண்டார். 6ஆம் தடம் பல இடங்களில் தரைக்கு மேலே ஓடும். பீர் அக்கேம், பாஸி என்ற நிலையங்களுக்கு நடுவே பாலத்தில் சேன் நதியைக் கடக்கும்போது ஈஃபிள் கோபுரம் முழுசாகத் தெரியும். அது ஒரு நிமிடம்கூட நீடிக்காது. முன்பே சொல்லிவைத்து ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

5. ஒரு நாளின் சட்டகம்

காலை ஒன்பதரைக்கு ஓர் இடம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. பிறகு வண்டியில் தூக்கம், நீங்கள் நதிக்கரையில் நடை. நான்கு மணிக்குச் சிற்றுண்டி. அதன் பிறகு இருட்டும்வரை பூங்கா.

அந்த நான்கு மணிச் சிற்றுண்டிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் கூத்தே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டதும் ரொட்டிக்குள் சாக்லேட், ஒரு பழம், பூங்காவின் பெஞ்சு. அந்த நேரத்தில் பூங்காவுக்குப் போனால் உள்ளூர்க் குழந்தைகள் நிறைந்திருப்பார்கள், உங்கள் குழந்தைக்கு மொழி தெரியாமலே தோழர்கள் கிடைப்பார்கள். புதன்கிழமையை மட்டும் நினைவில் வையுங்கள்: பள்ளிகள் அன்று அரை நாளோ முழு நாளோ விடுமுறை. பொம்மலாட்டம் போன்றவை புதனன்று நடக்கும், கூட்டமும் அன்றுதான்.

கிழமை இன்னொரு வகையிலும் காலை வாரும். லூவ்ர் செவ்வாய் மூடல், தாவரப் பூங்காவின் காட்சிக்கூடங்களும் செவ்வாய் மூடல், ஓர்சே திங்கள் மூடல். இதைத் தெரியாமல் பூட்டிய கதவின் முன் நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு செவ்வாயும் பார்க்கலாம்.

6. லுக்ஸம்பூர்க் பூங்கா: அரை நாள் ஒதுக்குங்கள்

பூங்காவின் அரண்மனையில் இப்போது பிரெஞ்சு செனட் கூடுகிறது. அதன் எதிரே எண்கோணக் குளம். கரையில் ஒரு வண்டி நிறைய மரப் படகுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டின் கொடி போட்ட பாய்மரம், ஒன்றிரண்டில் கடற்கொள்ளையர் கொடி. அரை மணி நேர வாடகைக்குப் படகும் ஒரு நீளக் குச்சியும் கொடுப்பார்கள். மின்விசை கிடையாது, ரிமோட் கிடையாது. குச்சியால் தள்ளிவிட்டால் காற்று கொண்டுபோகும். எதிர்க்கரையில் எங்கே ஒதுங்கும் என்று கணித்து ஓடிப்போய் மறுபடி தள்ள வேண்டும். அரை மணியில் குழந்தை குளத்தைப் பத்து முறை சுற்றிவிடும். நீங்கள் பச்சை இரும்பு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரலாம், அதற்குக் காசில்லை.

குளத்திலிருந்து தென்மேற்கே நடந்தால் ராட்டினம். பாரிஸ் ஆப்பரா மாளிகையைக் கட்டிய சார்ல் கார்னியே 1879இல் வடிவமைத்தது. சாயம் போன குதிரைகளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், ஆட்டமே வேறு. வெளிவரிசைக் குழந்தைகள் கையில் ஒரு மரக்குச்சி கொடுப்பார்கள். ராட்டினம் சுற்றும்போது ஓரத்தில் ஒருவர் இரும்பு வளையங்களை நீட்டிக்கொண்டிருப்பார், குச்சியால் அதைக் கோத்து எடுக்க வேண்டும். எங்கள் மகள் முதல் சுற்றில் ஒன்றுகூட எடுக்கவில்லை. மூன்றாம் சுற்றில் நான்கு. ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் உள்வரிசையில் பட்டை கட்டி உட்கார வைத்துவிடுவார்கள்.

அருகிலேயே 1933 முதல் நடக்கும் பொம்மலாட்ட அரங்கு. நாயகன் பெயர் கிஞோல். லியோன் நகரில் லோரான் மூர்கே என்ற பல் பிடுங்கும் தொழிலாளி, தன்னிடம் வருகிறவர்கள் வலியை மறக்கட்டும் என்று ஆட்டத் தொடங்கிய பொம்மை மரபில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவன் கிஞோல். குழந்தைகளை முன்வரிசைகளிலும் பெற்றோரைப் பின்னாலும் உட்கார வைப்பார்கள். வசனம் பிரெஞ்சில்தான். திருடன் பின்னால் வரும்போது இருநூறு குழந்தைகள் கத்தி எச்சரிக்கும் இடத்தில் மொழி எதற்கு? நம் பாவைக்கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்துக்கொள்வது எந்த ஊர்க் குழந்தைக்குப் புரியாது?

விளையாட்டுத் திடலுக்குத் தனிக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். எல்லாப் புல்வெளியிலும் கால் வைக்க அனுமதி இல்லை, பலகையைப் பாருங்கள். மூடும் நேரத்தில் காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே வருவார்கள். குழந்தைகளுக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

7. தாவரப் பூங்காவும் ஒரு காண்டாமிருகமும்

ஜார்தன் தே பிளாந்த் 1635இல் அரசரின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. உள்ளே நுழைய இலவசம், காட்சிக்கூடங்களுக்குத் தனித்தனி டிக்கெட். மழை நாளுக்கு இதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பரிணாம வளர்ச்சியின் பெருங்காட்சிக்கூடத்தில் யானை முன்னே நடக்க, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, எருமை என்று பாடம் செய்த விலங்குகள் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் அல்ல, நடு மண்டபத்தில். பூங்காவின் மறுகோடியில், 1898இல் திறந்த இன்னொரு கட்டடத்தில், இதே ஊர்வலம் எலும்புக்கூடுகளாக: நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் எல்லாம் வாசலை நோக்கி ஒரே திசையில் புறப்பட்டு வருவதுபோல நிற்கும். மேல்மாடியில் டைனோசர். பயந்த குழந்தையாக இருந்தால் முதலில் நீங்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு அழைத்துப் போங்கள்.

இரண்டு கட்டடத்தையும் ஒரே விளையாட்டாகக் கோக்க ஒரு வழி சொல்கிறேன். பதினைந்தாம் லூயி மன்னரிடம் ஒரு காண்டாமிருகம் இருந்தது. நம் நாட்டுக் காண்டாமிருகம்தான். வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்தர்நகரிலிருந்து கப்பலேற்றி அனுப்பினார்கள், 1770இல் வெர்சாய் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது. புரட்சிக் காலத்தில், 1793இல், அது இறந்தது. அதன் தோல் பாடம் செய்யப்பட்டு ஒரு கட்டடத்தில் நிற்கிறது, எலும்புக்கூடு மற்றதில் நிற்கிறது. "தோலைக் கண்டுபிடித்தாயிற்று, இனி எலும்பைக் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டால், நடுவில் இருக்கும் அரை கிலோமீட்டரைக் குழந்தை முணுமுணுக்காமல் நடக்கும். எங்கள் மகள் எலும்புக்கூட்டின் முன் வெகுநேரம் நின்று, "இதுவும் விசா வாங்கித்தான் வந்ததா?" என்று கேட்டாள்.

வழியில் இன்னொரு ராட்டினம், குதிரைக்குப் பதில் டோடோ போன்ற அழிந்துபோன விலங்குகள் சுற்றும். 1794இல் தொடங்கிய சிறு விலங்குக்காட்சிசாலையும் உள்ளேயே இருக்கிறது. வண்டலூர் பார்த்தவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது, நேரமிருந்தால் போகலாம்.

8. ஈஃபிள் கோபுரம்: ஏற வேண்டுமா?

1889ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது, இன்று 330 மீட்டர். ஏறியே ஆக வேண்டும் என்றால் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே இணையத்தில் திறக்கும், அன்றே வாங்கிவிடுங்கள். நான்கு வயதுக்குக் கீழ் இலவசம், ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். மடிக்கும் வண்டிக்கு மட்டும் அனுமதி. உச்சி வரை வேண்டாம், இரண்டாம் தளம் போதும்: சுமார் 116 மீட்டர் உயரம், அங்கிருந்து வீடும் பாலமும் படகும் குழந்தைக்கு அடையாளம் தெரியும். உச்சிக்கு இன்னொரு வரிசை, இன்னொரு லிஃப்ட், காது அடைக்கும் காற்று.

இரண்டாம் தளம் வரை படியேறினால் 674 படிகள். ஏழெட்டு வயதுக் குழந்தைகள் எண்ணிக்கொண்டே ஏறிவிடுகிறார்கள், திணறுவது அப்பாக்கள்தான்.

ஏறாமலும் இருக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எதிர்க்கரையில் திரோக்கதேரோ மேட்டில் நின்று பார்த்தோம், பாலம் கடந்து அடியில் வந்து நிமிர்ந்து பார்த்தோம், பின்புறமுள்ள ஷான் த மார்ஸ் புல்வெளியில் கையால் சுற்றும் பழைய ராட்டினத்தில் ஏறினோம். கோபுர அடியில் கையெழுத்துக் கேட்டு ஏமாற்றப் பார்க்கும் பெண்களையும், மோன்மார்த்ர் குன்றின் அடியில் விரலில் கயிறு கட்டிப் பணம் கேட்கும் ஆட்களையும் கண்டால் கையைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுங்கள். நின்று மரியாதையாக மறுக்க வேண்டியதில்லை.

9. லூவ்ர்: தொண்ணூறு நிமிடம், நாலே பொருள்

2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாத பெரியவர்களுக்கு 32 யூரோ. பதினெட்டு வயதுக்குக் கீழ் எந்த நாட்டவருக்கும் இலவசம், ஆனாலும் நேரம் குறித்த முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இவ்வளவு கொடுத்துவிட்டுத் தொண்ணூறு நிமிடத்தில் வெளியே வருவதா என்று மனம் அடித்துக்கொள்ளும். வந்துவிடுங்கள். புதன், வெள்ளிக்கிழமைகளில் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும், ஒரு நாள் கணவனும் ஒரு நாள் மனைவியுமாகத் தனியே போய் ஆற அமரப் பார்க்கலாம்.

குழந்தைகளோடு லூவ்ரின் சுல்லி என்ற பகுதிக்குள் போய் அடித்தளத்துக்கு இறங்குங்கள். லூவ்ர் அரண்மனையாகும் முன் கோட்டையாக இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய அதன் வட்டக் கோபுர அடிமானமும் அகழியும் அங்கே அப்படியே இருக்கின்றன, அகழிக்குள் நடக்கலாம். அங்கிருந்து சில அடியில் இருட்டான அறையில் எகிப்தின் தானிஸ் நகரத்து ஸ்பிங்ஸ்: சிங்க உடல், மனிதத் தலை. நம் நரசிம்மத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி என்று சொன்னால் குழந்தைகள் பற்றிக்கொள்வார்கள். பிறகு மம்மி. வெளியே வரும்முன் பெரிய படிக்கட்டின் உச்சியில் தலையில்லாத, சிறகுள்ள வெற்றித் தேவதை. முடிந்தது. மோனாலிசா அறையில் மூன்றடி உயரக் குழந்தைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகும் தூக்கிய கைப்பேசிகளும்தான்.

வெளியே வந்தால் துய்லேரி தோட்டம், டிராம்போலின்.

10. மீந்த பொழுதுகளுக்கு

சேன் நதிப் படகு ஒரு மணி நேரம், பெரும்பாலும் குழந்தை தூங்கிவிடும், அதற்காகவே போகலாம். மோன்மார்த்ர் குன்றுக்குப் படியேறாமல் கம்பிரயிலில் ஏறலாம். நவீனக் கலைக்கூடமான பொம்பிடு மையம் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது, ஆனால் பக்கத்தில் இருக்கும் ஸ்திராவின்ஸ்கி நீரூற்றில் பதினாறு வண்ணப் பொம்மைகள் சுழன்று தண்ணீர் துப்பிக்கொண்டிருக்கும். நோத்ர தாம் தேவாலயம் 2019 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. நுழைய இலவசம், கால் மணி நேரம் போதும்.

தொடர்ந்து மழை என்றால் வடகிழக்கே லா வில்லெத்துக்குப் போங்கள். ஒரு காலத்தில் இறைச்சிக்கூடங்கள் இருந்த இடம், இப்போது அறிவியல் நகரம் என்ற பெரிய அருங்காட்சியகம். உள்ளே சின்னக் குழந்தைகளுக்கென்றே தனிக் கூடம், ஒன்றரை மணி நேர ஆட்டம், தண்ணீரைத் தேக்கித் திருப்பி விளையாடலாம், கட்டடம் கட்டலாம். முன்பதிவு தேவை, திங்கள் மூடல். மழை விட்டால் வெளியே பெரிய டிராகன் சறுக்குமரம்.

டிஸ்னிலேண்ட் கேட்பீர்கள். ஆர்.இ.ஆர். ஏ ரயிலில் சுமார் நாற்பது நிமிடம், முழு நாள் போய்விடும். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் அந்தப் பணத்துக்கு லுக்ஸம்பூர்க் ராட்டினத்தில் ஆயுள் சந்தாவே எடுத்துவிடலாம்.

11. சாப்பாடு, கழிவறை, காய்ச்சல்

கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்". இதைச் சொல்லாமல் நேரே விலை கேட்டால் முகம் இறுகிவிடும். குழந்தை சொன்னால் இன்னும் நல்லது, பேக்கரியில் ஒரு பிஸ்கட்கூடக் கிடைத்தது எங்களுக்கு.

உணவகங்கள் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை, பிறகு இரவு ஏழுக்கு மேல்தான். இடையில் பசித்தால் பேக்கரியும், மெல்லிய தோசை போன்ற கிரேப் விற்கும் கடையும். குழந்தைகள் மெனுவில் வரும் ஸ்டெக் அஷே மாட்டிறைச்சி. ஜாம்போன் பன்றி இறைச்சி. கிஷ் என்று அழகாக இருக்கும் முட்டைப் பணியாரத்திலும் பன்றித் துண்டுகள் கிடக்கும். சாப்பிடாதவர்கள் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவார்கள், நல்ல தண்ணீர். தெருவில் நான்கு பெண் உருவங்கள் தாங்கும் கரும்பச்சை நீரூற்றுகள் 1872 முதல் உள்ளவை, அதிலும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

சமையலறை ஏன் என்றால், பிரான்ஸ் தயிர் தேசம். எந்தக் கடையிலும் சர்க்கரையில்லாத நல்ல தயிர் கிடைக்கும். ஒரு கைப்பிடி அரிசி, ஒரு சிட்டிகை உப்பு, மூன்று வயதுக்காரனின் இரவு தீர்ந்தது. நாலாம் நாள் அதுவும் போதாமல் இட்லி கேட்டால் 2ஆம் தடத்தில் லா ஷப்பேல் நிலையத்தில் இறங்குங்கள். ஈழத்தமிழர்கள் உருவாக்கிய தெருக்கள்; தமிழ்ப் பெயர்ப் பலகை, தோசை, கொத்து ரொட்டி, முருங்கைக்காய். ஆகஸ்ட் கடைசி வாக்கில் போனால் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் அந்தத் தெருக்களில் ஓடும், சாலையில் தேங்காய்கள் மலையாகக் குவிந்து உடைபடும். எங்களுக்கு உணவு பரிமாறிய யாழ்ப்பாணத்து அம்மா மகனைப் பார்த்து, "தம்பிக்கு உறைப்பு வேண்டாம்தானே?" என்று கேட்டுவிட்டுக் கேட்காமலே இன்னொரு இட்லி வைத்தார்.

தெருக் கழிவறைகள் 2006 முதல் இலவசம். பழைய வகையில் ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி, உள்ளே தானே கழுவிக்கொள்ளும். கதவு மூடுமுன் அவசரமாக நுழைந்தீர்களானால் உங்களையும் சேர்த்துக் கழுவும். பச்சை விளக்கு வரும்வரை பொறுங்கள். குழந்தை பொறுக்காது என்பதால் "இப்போது வேண்டாம்" என்று அது சொல்லும்போதே அழைத்துப் போங்கள்.

காய்ச்சல் என்றால் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடை. பாராசிட்டமால் சிரப்பைக் குழந்தையின் எடையைக் கேட்டு அதற்கேற்ற அளவுக்குழலோடு தருவார்கள், எடையை முன்பே பார்த்து வையுங்கள். அவசரத்துக்கு 15 அல்லது 112. பதினைந்தாம் வட்டாரத்தில் நெக்கேர் என்ற குழந்தைகள் மருத்துவமனை உண்டு. மணிக்கட்டில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள், தினமும். மெட்ரோவில் பிரிந்துவிட்டால் குழந்தை அடுத்த நிலையத்தில் இறங்கி அசையாமல் நிற்க வேண்டும் என்று வீட்டிலேயே இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

12. கடைசி நாளைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள்

எங்கே போகலாம் என்று கேட்டோம். இருவரும் ஒரே குரலில் படகு என்றார்கள். மகன் கொள்ளையர் கொடிப் படகை எடுத்தான், காற்று நின்றுபோய் அது குளத்தின் நடுவில் நீரூற்றின் அடியில் சிக்கிக்கொண்டது. படகுக்காரர் எங்களைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். காற்று வந்தால் படகு வரும் என்று அர்த்தம். விமானத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. நாற்காலிகளை இழுத்துப் போட்டுக் காத்திருந்தோம்.